பென்னாகரம் கோட்டையும் ஒரு வெள்ளைக்கொடியும்

ஒகேனக்கல் போகும்போது பென்னாகரத்தைத் தாண்டித்தான் போறோம். 1791 அக்டோபர் கடைசியில் அந்த ஊர்க் கோட்டையில் நடந்தது போர்ச் சட்டத்துக்கு நல்ல கேஸ் ஹிஸ்டரி. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

மூன்றாம் மைசூர்ப் போர் நேரம். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போ பாராமகால், திப்புவின் கையில். கும்பனிப் படையோடு வந்த கர்னல் மேக்ஸ்வெல், சரணடையச் சொல்லி ஆள் அனுப்புறார். அந்த வெள்ளைக்கொடி மேலேயே உள்ளேருந்து சுட்டாங்கன்னு கும்பனி எழுதி வெச்சிருக்கு. ஏணி போட்டு ஏறினாங்க. உள்ளே இருந்தவங்கள்ல பெரும்பகுதியை வெட்டிச் சாய்ச்சாங்க. கொடியை மதிக்காதவனுக்கு உயிர்ப்பிச்சை கிடையாதுங்கிறது அன்றைய ஐரோப்பிய வழக்கம். யார் சுட்டது, ஏன் சுட்டாங்கன்னு சொல்ல வேண்டியவங்க பலர் அன்னைக்கே போய்ட்டாங்க.

அடுத்த சில நாளில் கோயம்புத்தூர். அங்கே சரணடைஞ்சது கும்பனி தரப்பு: லெப்டினன்ட் சால்மர்ஸ், நாஷ். ஒப்பந்தம் பேசியவர் திப்புவின் தளபதி கமருதீன் கான். ஆனா ஆட்களை விடாம ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு போய்ட்டாங்க. வாக்கு மீறல்னு காரன்வாலிஸ் கொதிச்சார். என் ஒப்புதல் இல்லாம அது செல்லாதுங்கிறது திப்புவின் பதில். வக்கீல் நோட்டீஸ் மாதிரியே இருக்கு, இல்லையா?

திப்பு பக்கமும் கணக்கு இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தார்வாரில் சரணடைஞ்சு வெளியே வந்த பத்ருஸ்ஸமான் கானின் ஆட்களை மராத்தியர் தாக்கிச் சிறைபிடிச்சாங்க. மராத்தியர் கும்பனியின் கூட்டாளிகள். அதுக்கும் முன்னால, 1783இல், பெத்னூரில் சரணடைந்த ஜெனரல் மேத்யூஸின் ஆட்கள் கஜானாவைச் சுருட்டிட்டாங்கன்னு சொல்லித்தான் திப்பு அவர்களைச் சிறையில் போட்டார்.

கவனிங்க, சட்டமே கிடையாதுன்னு ஒருத்தரும் சொல்லலை. நீ முதல்ல மீறினேங்கிறதுதான் எல்லார் வாதமும். 1792 உடன்படிக்கையில் பாராமகால் கும்பனிக்குப் போச்சு; யார் சொன்ன கதை பதிவாச்சுங்கிறதும் அதோடயே முடிவாச்சு.

அப்புறம் இதெல்லாம் எழுத்தில் வந்தது. 1864 ஜெனீவா, காயம்பட்டவனுக்கு. 1899 ஹேக், வெள்ளைக்கொடியோடு வர்றவனைத் தொடக்கூடாது, சரணடைஞ்சவனைக் கொல்லக்கூடாது. பென்னாகரத்து நியாயம் இன்னைக்கு நிக்காது.

ஆனா சண்டை இப்போ வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்றதுல. 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மேல் திரும்பத் திரும்ப ஷெல் விழுந்தது. பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே மருத்துவமனையே இருக்கக்கூடாது, வெளியே இருப்பதெல்லாம் இலக்குதான்னு பாதுகாப்புச் செயலர் கோத்தபய ராஜபக்ச டிவி பேட்டியில் சொன்னார். 1949 ஜெனீவா உடன்படிக்கையில் அப்படி ஒரு வரி கிடையாது. எதிரிக்குக் கேடு செய்யப் பயன்பட்டால் மட்டும்தான் மருத்துவமனை பாதுகாப்பை இழக்கும். அப்பவும் முதல்ல எச்சரிக்கணும். புலிகளும் மக்களை வெளியேற விடலை, மக்கள் நடுவிலிருந்து சுட்டாங்கன்னு 2011 ஐநா நிபுணர் குழு அறிக்கை சொல்லுது. அதுக்காக வார்டில் டிரிப் ஏறிட்டிருக்கிறவர் இலக்காகிட மாட்டார்.

அந்த நோயாளிகளை பிப்ரவரியில் புதுமாத்தளனுக்கு மாத்தினாங்க. அங்கேயும் ஷெல் விழுந்தது.