கொத்திய கல்லும் அச்சிட்ட கல்லும்

பீங்கான் டைல்ஸின் மேல் கல்லின் சொரசொரப்பையும் மரத்தின் வரியையும் டிஜிட்டல் அச்சால் உண்டாக்கும் தொழிலுக்கு வயது கால் நூற்றாண்டுதான். அது போலச் செய்ய முயலும் மூலம் மிகப் பழையது. திருவண்ணாமலையில் இரண்டையும் ஒரே நாளில் வெறுங்காலால் அறியலாம். அருணாசலேசுவரர் கோயில் பிராகாரத்தில் இருப்பது உளி பட்ட கருங்கல். வெளியே விடுதிகளின் முகப்பிலும் புது வீடுகளின் வாசலிலும் இருப்பது அந்தக் கல்லின் படம்.

கோயிலின் கல்வெட்டுகள் சோழர் காலத்திலிருந்து கிடைக்கின்றன. 217 அடி உயரக் கிழக்கு ராஜகோபுரம் விஜயநகர, நாயக்கர் காலத்தது. அத்தனை நூற்றாண்டுகளிலும் தளத்துக்கு வழுவழுப்பு தேவைப்படவில்லை. அது ஆபத்தாகவே இருந்திருக்கும். அபிஷேக நீரும் விளக்குகளின் எண்ணெயும் சிந்தும் இடத்தில், செருப்பில்லாமல் நடக்கும் கூட்டத்துக்குப் பிடிமானம் தருவது உளியின் புள்ளிகள்தான். தேய்ந்த அம்மியையும் ஆட்டுக்கல்லையும் தெருவில் உட்கார்ந்து கொத்திக் கொடுப்பவரின் வேலையும் இதே இனத்தைச் சேர்ந்தது. பிற்காலத்தில் கிரானைட் தொழில் இந்தக் கொத்துக்கு மாற்றாக வேறொரு வழியைக் கண்டது. பாளத்தின் மேல் எரிவாயுச் சுடரைப் பாய்ச்சினால், கல்லிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் திடீரென விரிந்து மேல்தோல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ‘ஃபிளேம் பினிஷ்’ என்று கடைகளில் கேட்டு வாங்கும் கல் அதுவே.

வீடுகளின் தரை வேறு பாதையில் சென்றது. சாணம் மெழுகிய மண்தரைக்குப் பின் கடப்பாக் கல், சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்ட், பிறகு மொசைக் என்று அது மாறியது. செட்டிநாட்டின் ஆத்தங்குடிக் கற்களை இங்கே குறிப்பிட வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்யும் அந்தக் கற்கள் சூளைக்குப் போவதே இல்லை. அவற்றின் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. அங்கே வடிவமும் பொருளும் ஒன்று. பூவைச் சுரண்டினால் அடியிலும் அதே நிறம் கொஞ்ச ஆழத்துக்கு இருக்கும்.

சூளையில் சுட்ட பீங்கான் டைல்ஸ் அப்படியல்ல. எச் அண்ட் ஆர் ஜான்சன் நிறுவனம் 1958-இல் இந்தியாவில் தொழில் தொடங்கிய காலம் முதல் பல பத்தாண்டுகள் இந்த டைல்ஸின் முக்கிய இடம் குளியலறைச் சுவரும் சமையலறை மேடையும்தான். படம் போட ஸ்கிரீன் பிரிண்டிங் பயன்பட்டது: நிறத்துக்கு ஒரு திரை, திரைக்கு ஒரு தடவை. திரை டைல்ஸைத் தொட்டாக வேண்டும் என்பதால் பரப்பு சமதளமாக இருக்க வேண்டும். 1994-இல் இத்தாலியின் ஃபியோரானோ நகரிலுள்ள சிஸ்டம் நிறுவனம், செதுக்கிய சிலிக்கோன் உருளைகளால் அச்சிடும் ரோட்டோகலர் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பளிங்கின் நரம்பும் மரத்தின் ரேகையும் அதில் நன்றாகவே வந்தன. ஆனால் உருளையும் பரப்பைத் தொட்டுத்தான் அச்சிட்டது. அழுத்த அச்சில் மேடுபள்ளம் கொடுத்த டைல்ஸில் மேட்டில் மை ஏறும், பள்ளம் வெறுமையாக நிற்கும். கல் போலத் தோன்றவேண்டிய பொருள், பள்ளமெல்லாம் வெளுத்து, பொய் என்று தானே காட்டிக்கொடுத்தது.

இந்தத் தடையை உடைத்தது இன்க்ஜெட். ஸ்பெயினின் காஸ்டெல்யோன் வட்டாரத்தில் 1998-இல் தோன்றிய கெராஜெட் நிறுவனம், 2000-இல் பீங்கானுக்கான முதல் தொழில்முறை இன்க்ஜெட் இயந்திரத்தை முன்வைத்தது. அச்சுத் தலை டைல்ஸைத் தொடுவதில்லை. சில மில்லிமீட்டர் மேலே நின்று துளிகளை வீழ்த்துகிறது. மேட்டின் முகடு, சரிவு, பள்ளத்தின் அடி என எல்லா இடத்திலும் நிறம் விழுகிறது. டிஜிட்டல் அச்சின் பெருமையாக வடிவங்களின் எண்ணிக்கையைச் சொல்வதுதான் வழக்கம். அதைவிடப் பெரிய மாற்றம் இந்தத் தொடாமைதான். சொரசொரப்பான டைல்ஸ் சந்தையை நிறைத்தது அதற்குப் பிறகே.

மை எளிதில் அமையவில்லை. 1,200 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் காகித மை எதுவும் தங்காது. உலோக ஆக்சைடு நிறமிகளைத்தான் நம்ப வேண்டும்: நீலத்துக்குக் கோபால்ட், மஞ்சளுக்குப் பிரசியோடிமியம் சேர்ந்த சிர்க்கான், பழுப்புக்கு இரும்பும் குரோமியமும். இவற்றை ஒரு மைக்ரானுக்கும் குறைவாக அரைத்து எண்ணெய் போன்ற திரவத்தில் கலக்கிறார்கள். நிறமி கனமானது, நின்றால் அடியில் படிந்து நுண்துளையை அடைக்கும். கேம்பிரிட்ஜின் சார் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 1001 என்ற அச்சுத் தலை, மையைத் துளைகளின் பின்புறம் ஓயாமல் சுழலவிட்டு இதைத் தீர்த்தது. அதற்குப் பின்தான் இந்த முறை உலகெங்கும் வேகமாகப் பரவியது. இந்தியாவில் டைல்ஸ் தொழிலின் தலைநகரான குஜராத்தின் மோர்பி, 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் உருளைகளைக் கைவிட்டு இதற்கு மாறியது.

மேடுபள்ளத்தை உண்டாக்க இன்று மூன்று வழிகள் உள்ளன. பழைய வழி, மண்தூளை அழுத்தும் அச்சிலேயே கல்லின் முகத்தைச் செதுக்கிவைப்பது. அங்கே அழுத்திய பள்ளமும் அச்சிட்ட ரேகையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். எந்த அச்சு முகத்திலிருந்து டைல்ஸ் வருகிறது என்பதைக் கேமராவால் அறிந்து, அதற்குரிய படத்தை அச்சிடும் இயந்திரங்கள் இதற்காகவே வந்தன. இரண்டாவது வழியைச் சந்தையில் ‘கார்விங்’ என்கிறார்கள். சிறப்பு மையால் ரேகைகளை அச்சிட்டு, மேலே கிளேஸ் எனும் நீர் சார்ந்த மெருகுப் பூச்சைத் தெளிக்கும்போது, எண்ணெய்த் தன்மையுள்ள மை நீரை விலக்கும். அந்த இடம் சூளையில் மெல்லிய கீறலாகப் பதியும். இங்கே பள்ளத்தைத் தோண்டுவது கணினிப் படம்தான். மூன்றாவது வழியில் பசையை அச்சிட்டு, அதன் மேல் கண்ணாடித் தன்மையுள்ள மணித்தூளைத் தூவி, ஒட்டாததை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சுடுகிறார்கள். விரல் வைத்தால் மணல் போல உறுத்தும் மேடுகள் கிடைப்பது இதில்.

திருவண்ணாமலைக்குக் கொத்திய கல்லுக்கும் அச்சிட்ட கல்லுக்கும் உள்ள வேறுபாடு வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பெருங்கூட்டம் வெறுங்காலுடன் நடக்கிறது; அவர்களில் பலர் நீர் சொட்டும் பாதத்துடன் விடுதிப் படிகளில் ஏறுகிறார்கள். கல் போலத் தோன்றும் டைல்ஸ் கல் போலப் பிடிக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கண்ணுக்குச் சொரசொரப்பாகவும் காலுக்கு வழுக்கலாகவும் ஒரு பரப்பை அச்சிட்டுவிட முடியும் என்பதே இந்தத் தொழில்நுட்பத்தின் ஆபத்தான பக்கம். வழுக்கலை அளக்க ஜெர்மானியத் தரநிலைகளில் தோன்றிய இரண்டு சோதனைகள் பெரிதும் பயன்படுகின்றன. நம் கடைகளில் அதிகம் பேசப்படும் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 எண்கள் செருப்பணிந்த காலுக்கானவை. எண்ணெய் ஊற்றிய சரிவில் சோதித்துப் பெற்றவை. வெறுங்காலுக்கு டி.ஐ.என். 51097 என்ற பெயரில் அறியப்பட்ட தனிச் சோதனை உண்டு. சோப்பு நீர் ஓடும் பலகையில் ஒருவர் வெறுங்காலுடன் முன்னும் பின்னும் நடக்க, பலகையைச் சாய்த்துக்கொண்டே போவார்கள். 12 பாகை தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. கோயில் ஊரில் படிக்கட்டும் குளியலறையும் கட்டுபவர் கேட்க வேண்டியது இந்த எழுத்தைத்தான்.

சொரசொரப்புக்கு விலையும் உண்டு. பள்ளத்தில் எண்ணெயும் விபூதியும் குங்குமமும் தங்கிவிடும். துடைத்தால் போகாது, தேய்க்க வேண்டும். வழுவழுப்பான டைல்ஸில் நழுவி ஓடும் கோலமாவு கரடான வாசல் டைல்ஸில் நன்றாக நிற்கும், மறுநாள் கழுவும்போது எளிதில் போகாது.

இதே தொழில்நுட்பம் ஊரின் சுவர்களையும் மாற்றியது. வீட்டு முகப்பில் பதிக்கும் சாமி படங்கள் இன்று பெரும்பாலும் டிஜிட்டல் அச்சிலிருந்து வருபவை. திரையோ உருளையோ செய்யத் தேவையில்லாததால், ஒரே ஒரு வீட்டுக்கென ஒரே ஒரு அண்ணாமலையார் படத்தையும் அச்சிட்டுச் சுட்டுத் தர முடிகிறது.

பழங்கோயிலின் உட்புறம் மட்டும் இந்தப் பொருளுக்கு உரிய இடமல்ல. பழைய தளத்தின் மேல் டைல்ஸ் ஒட்டினால் தரைமட்டம் உயர்ந்து, அதிட்டானம் எனும் அடித்தளத்தின் அடிவரிசையும் அங்குள்ள கல்வெட்டும் மூடப்படும். மண்ணின் ஈரம் மேலே ஆவியாக வழியின்றிச் சுவருக்குள் ஏறும். பழுதான இடத்தில் கருங்கல் பாளத்தைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மேலே உளியால் கொத்துவதே அங்கே பொருந்தும் முறை.