மரிச்ஜாப்பி: உடன்படிக்கைக்கு வெளியே நின்றவர்கள்

அகதி உரிமை பற்றி மாணவர்களிடம் பேசப் போனால் 1951 ஜெனீவா உடன்படிக்கையில்தான் தொடங்குவோம். அது யாரையெல்லாம் வெளியே நிறுத்தியது என்று நாங்களே வெகுகாலம் கேட்டுக்கொண்டதில்லை.

1951 ஜனவரி 1-க்கு முந்தைய நிகழ்வுகளால் நாடிழந்தவர்களுக்காக எழுதப்பட்டது அது. விரும்பும் நாடுகள் அதை ஐரோப்பாவோடு நிறுத்திக்கொள்ளவும் இடம் கொடுத்தது. 1967 நெறிமுறை வந்த பிறகுதான் அந்தக் கால எல்லை நீங்கியது. ஆனால் அது எழுதப்பட்ட அதே ஆண்டுகளில் இந்திய-பாகிஸ்தான் எல்லையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்திருந்தார்கள். இவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு ஐ.நா.வில் எழுந்தபோது மேற்கு நாடுகள் ஏற்கவில்லை. இவர்களுக்கு ஏற்கெனவே ஓர் அரசு இருக்கிறது, தேவை நிவாரணம்தான், சட்டப் பாதுகாப்பு அல்ல என்றார்கள். இந்தியா இன்றுவரை அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை.

அந்த அரசு எப்படிப் பார்த்துக்கொண்டது?

கிழக்கு வங்காளத்திலிருந்து முதலில் வந்த உயர்சாதியினரில் பலருக்குக் கல்கத்தாவில் உறவும் படிப்பும் இருந்தன. புறம்போக்கில் குடியேறியும் நகரத்திலேயே காலூன்றினார்கள். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் நாமசூத்திரர்கள், உழவும் மீன்பிடியும் அறிந்தவர்கள். 1946-ல் அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்ப முன்னின்று உழைத்த ஜோகேந்திரநாத் மண்டலின் மக்கள். (பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரான மண்டலே 1950-ல் பதவியைத் துறந்து இந்தியாவுக்கு வர நேர்ந்தது.) ஆற்று மண்ணில் பிறந்த இவர்களைத்தான் ஒரிசா, மத்தியப் பிரதேசத்தின் வறண்ட தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆதிவாசிகளின் நிலத்தில், ஆதிவாசிகளுக்கு எதிராகவே நிறுத்தப்பட்டதுபோல் வாழ வேண்டியிருந்தது.

வங்காளத்திலேயே குடியமர்த்துங்கள் என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது கேட்டவர்கள் இடதுசாரிகள். 1977-ல் அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் இந்த மக்கள் நம்பிக் கிளம்பினார்கள். பலரை வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். மீறி வந்தவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் 1978-ல் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவை அடைந்தார்கள். அரசிடம் காசு கேட்கவில்லை. பள்ளிக்கூடம், மருந்தகம், குழாய்க்கிணறு, படகு கட்டும் பட்டறை எல்லாம் தாங்களே அமைத்தார்கள்.

காப்புக்காட்டை ஆக்கிரமித்துவிட்டார்கள் என்றது அரசு. 1979 ஜனவரி கடைசியில் 144 தடை உத்தரவு வந்தது. காவல்துறைப் படகுகள் தீவைச் சூழ்ந்தன. அரிசியும் குடிநீரும் உள்ளே போகவில்லை. அவற்றைத் தடுக்கக் கூடாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் சொன்ன பிறகும் முற்றுகை ஓயவில்லை. ஜனவரி 31-ல் துப்பாக்கிச் சூடு. மே நடுவில் குடிசைகளைக் கொளுத்தி, மிஞ்சியவர்களை ஏற்றி மறுபடியும் தண்டகாரண்யத்துக்கே அனுப்பினார்கள். செத்தவர்கள் ஒருசிலர் என்றது அரசு; நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் என்கிறார்கள் தப்பியவர்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை.

உழைப்பவர் கட்சி ஆண்ட மாநிலத்தில் இது நடந்தது என்பதை நம் தோழர்கள் சிலர் இன்றும் பேசத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தையும் சாதிக் கணக்கில்தான் நாங்கள் சேர்க்கிறோம்.

பல ஆண்டுகள் கழித்து மானுடவியலாளர் அன்னு ஜலாய் பக்கத்துத் தீவுகளில் தங்கி ஆய்வு செய்தார். மரிச்ஜாப்பிக்குப் பிறகுதான் புலிகள் மனிதரைத் தின்னத் துணிந்தன என்று அங்குள்ளவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: தங்கள் உயிருக்கு அரசு என்ன விலை வைத்திருக்கிறது என்பது புலிகளுக்கும் தெரிந்துபோனதாம்.