ஆந்தையின் வயிறு சொன்ன சாட்சி

பருந்து, ஆந்தை முதலானவற்றைக் கொன்று காட்டினால் தலைக்கு 50 சென்ட் தருவதாக 1885-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் சட்டம் போட்டது. கோழி திருடுகின்றன என்பது குற்றச்சாட்டு. ஆந்தை இப்படிப் பழி சுமந்ததற்கு அதன் உடலமைப்பே பாதிக் காரணம். சிறகின் முன்விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற நுண்ணிழைகள் இருப்பதால் அது பறக்கும் சத்தம் கேட்பதில்லை. கூகையின் இடக்காதுத் துளை வலக்காதைவிட மேலே இருக்கிறது. சருகுக்குள் எலி அசைந்தால், ஒலி எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதை அந்த ஏற்றத்தாழ்வு காட்டிக்கொடுத்துவிடும். இருட்டில், ஓசையில்லாமல் முடிந்துபோகும் வேட்டையை எந்த விவசாயி பார்த்திருப்பார்? கோழிக்குஞ்சு குறைந்தால், மாலையில் களஞ்சியத்துக் கூரையில் உட்கார்ந்திருந்த உருவத்தின்மேல்தான் சந்தேகம் விழும்.

ஆனால் தின்றதற்கான தடயத்தையும் அதே உடல்தான் விட்டுவைக்கிறது. ஆந்தைக்குத் தீனிப்பை கிடையாது. எலியைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்கும். அதன் வயிற்று அமிலம் பருந்தின் அமிலத்தைவிட வீரியம் குறைந்தது என்பதால் எலும்பு அவ்வளவாகக் கரைவதில்லை. ரோமமும் எலும்பும் அரைவைப்பையில் இறுகி, சில மணி நேரத்தில் உருண்டையாக வாய்வழி வெளியே வந்துவிடும். காய்ந்த உருண்டை ஒன்றைப் பிய்த்தால், சாம்பல் நிற ரோமத்துக்குள் மஞ்சளேறிய வெட்டுப்பற்களோடு மண்டையோடு அப்படியே கிடைக்கும். பல்லைப் பார்த்தே இன்ன எலி என்று சொல்லிவிடலாம். வேளாண் துறையின் ஏ. கே. ஃபிஷர், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் கோபுரத்தில் குடியிருந்த கூகைகளின் 200 உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தார். 454 மண்டையோடுகள். அவற்றில் முக்கியமானவை: புல்வெளி எலி 225, வீட்டுச் சுண்டெலி 179, பெரிய எலி 20, மூஞ்சூறு 20. பறவை ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு சிறு குருவி. கோழி இல்லை.

ஒரு கோபுரத்துக் கூகைகளை வைத்து எல்லா ஆந்தைகளுக்கும் தீர்ப்பு எழுதலாமா என்று கேட்பது நியாயமே. ஃபிஷரும் அதோடு நிற்கவில்லை. நாடெங்கிலுமிருந்து வந்த 2,000-க்கும் மேற்பட்ட பருந்து, ஆந்தை இரைப்பைகளின் ஆய்வை 1893-இல் நூலாக்கினார். முழுக்கக் கெடுதல் செய்பவை என்ற பட்டியலில் ஓர் ஆந்தைகூட இல்லை. பெரிய கொம்பன் ஆந்தை கோழி பிடிப்பதை அவர் மறைக்கவில்லை. நன்மையும் தீமையும் சரிக்குச் சரி என்ற வகுப்பில் அதை வைத்தார். மற்ற ஆந்தைகளைப் பற்றி அவர் சொன்னதை நான் நம்புவதற்கு இந்த நேர்மையே காரணம். ஃபிஷரின் பிரிவுத் தலைவர் ஹார்ட் மெரியம் இதற்கு முன்பே போட்ட கணக்கு அவ்வளவு உறுதியானதல்ல. ஒன்றரை ஆண்டில் 90,000 டாலர் பரிசு கொடுத்து, மாநிலம் 38 லட்சம் டாலருக்கு மேல் இழந்தது என்றார் அவர். ஒரு பறவை எத்தனை எலி பிடிக்கும் என்ற ஊகத்தில் நிற்கும் தொகை அது; தள்ளிவிட்டாலும் கோபுரத்து மண்டையோடுகளின் எண்ணிக்கை மாறாது. பென்சில்வேனியா 1887-இல் அந்தச் சட்டத்தை விலக்கிக்கொண்டது. ஆந்தைகளுக்கு நாடு தழுவிய சட்டப் பாதுகாப்பு கிடைக்க 1972 வரை ஆயிற்று.