பழி ஓரிடம், பாவம் ஓரிடமா?

“பழி ஓரிடம், பாவம் ஓரிடம்” என்பது நம் முன்னோர் வாக்கு. பிழை செய்தவன் ஒருவனாக இருக்க, அதன் சுமையைத் தாங்குபவன் வேறொருவனாக இருக்கின்றானே என்னும் மனக்குமுறல் அதில் ஒலிக்கின்றது. “மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி” என்பதும் நம்மிடையே வழங்கும் மொழியே. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு சிக்கல் எழும். மன்னனும் மக்களும் ஒரே வழியினர் என்றால், மன்னன் செய்த பாவத்திற்கு மக்கள் பழி சுமப்பதில் தவறென்ன? சிலப்பதிகாரத்தில் பாண்டியன் பிழைத்தான், மதுரை எரிந்தது. ஆயினும் அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு தீக்கடவுளுக்குக் கண்ணகி கூறுவதாக இளங்கோவடிகள் பாடுகின்றார். சினத்தின் உச்சியிலும், குற்றமுடையோரையும் குற்றமற்றோரையும் பிரித்தறிய வேண்டும் என்னும் உணர்வு அங்கே தலைகாட்டுகின்றது.

ஓர் அரசு பெருங்கொடுமை புரியும்போது அதற்குப் பொறுப்பாளிகள் யார்? ஆட்சியாளர் மட்டுமா? ஆணையை நிறைவேற்றியவர்களுமா? வாய்மூடி நின்ற மக்கள் அனைவருமா? அன்று பிறந்தே இராத தலைமுறையினருமா? 20ஆம் நூற்றாண்டில் பன்னாட்டுச் சட்டம் இவ்வினாக்களுக்கு விடை தேடியது. அத்தேடலின் பெரும்பகுதி ஜெர்மனி என்னும் ஒரே நாட்டைச் சுற்றி நிகழ்ந்தது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

மன்னன் தப்பினான், மக்கள் கட்டினர்

முதல் உலகப் போர் முடிந்தபின், 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. போரினால் நேச நாடுகளுக்கும் அவற்றின் குடிமக்களுக்கும் நேர்ந்த இழப்புகளுக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளுமே பொறுப்பு என்று அதன் 231ஆம் பிரிவு கூறிற்று. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்று 227ஆம் பிரிவு கூறிற்று. ஆனால் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்த பேரரசரை அந்நாடு ஒப்படைக்க மறுத்துவிட்டது. அவர் அங்கேயே வாழ்ந்து 1941-இல் இறந்தார்.

மக்களுக்கோ தப்ப வழி இருக்கவில்லை. 1921-இல் ஈட்டுத்தொகை 13,200 கோடி தங்க மார்க் என்று வரையறுக்கப்பட்டது. தவணை தவறியது என்று கூறி, 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றின. அவ்வாண்டிலேயே ஜெர்மானியப் பணம் மதிப்பிழந்து, நடுத்தரக் குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு கரைந்துபோயிற்று. ‘நம் இனத்தையே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்’ என்ற கசப்பு வேரூன்றியது. ஹிட்லரின் எழுச்சிக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆயினும் இந்தக் கசப்பை அவர் தம் மேடைகளில் நன்கு பயன்படுத்திக்கொண்டார். ஈட்டுத்தொகைக்காக அந்நாளில் வாங்கிய கடன்களின் கடைசித் தவணை 2010 அக்டோபர் 3 அன்றுதான் செலுத்தப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். போரைத் தொடங்கியவரும் நடத்தியவரும் மண்ணாகிப் பல ஆண்டுகள் கழிந்தபின், அவர்களுடைய கொள்ளுப்பேரர்களின் வரிப்பணம் அதற்குச் சென்றது.

லிடிசே என்னும் சிற்றூர்

குற்றத்தை ஒரு கூட்டத்தின் மீது சுமத்தும் எண்ணம் எந்த எல்லைவரை செல்லும் என்பதை நாசிகளே உலகுக்குக் காட்டினர். 1942 மே 27 அன்று செக் நாட்டின் பிராக் நகரில் நாசித் தலைவர்களுள் ஒருவரான ரைன்ஹார்ட் ஹைட்ரிக் தாக்கப்பட்டார். ஜூன் 4 அன்று இறந்தார். அத்தாக்குதலுக்கும் லிடிசே என்னும் சிற்றூருக்கும் தொடர்பு இருந்ததாக எவரும் மெய்ப்பிக்கவில்லை. எனினும் ஜூன் 10 அன்று அவ்வூரின் ஆண்கள் 173 பேர் ஒரு பண்ணைச் சுவரருகே நிறுத்திச் சுடப்பட்டனர். பெண்கள் ராவன்ஸ்புரூக் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். குழந்தைகளுள் 82 பேர் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். வீடுகளும் ஆலயமும் தரைமட்டமாயின. அப்பங்கில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய முதிய பங்குத்தந்தை யோசெப் ஸ்டெம்பர்காவும் தம் மக்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

தனி மனிதரின் செயலுக்காக ஊர் மக்கள் அனைவரையும் தண்டிக்கலாகாது என்று 1907-இன் ஹேக் விதிகள் முன்னரே கூறியிருந்தன. ஆனால் ஏட்டில் இருந்த விதி லிடிசேயைக் காக்கவில்லை. ஆகவே, 1949 ஆகஸ்ட் 12 அன்று நிறைவேறிய நான்காம் ஜெனீவா உடன்படிக்கை அதை இன்னும் தெளிவாகக் கூறிற்று. தாம் செய்யாத குற்றத்திற்காக எவரையும் தண்டிக்கலாகாது. கூட்டுத் தண்டனை, பழிவாங்கல், பிணைப்பிடிப்பு ஆகிய அனைத்தும் விலக்கப்பட்டவை என்றது. அதன் 33ஆம், 34ஆம் பிரிவுகளுக்குப் பின்னே லிடிசேயைப் போன்ற எத்தனையோ ஊர்களின் சாம்பல் கிடக்கின்றது.

நூரம்பர்க்கில் பிறந்த தெளிவு

1945 நவம்பரில் நூரம்பர்க் நகரில் நாசித் தலைவர்கள் மீதான விசாரணை தொடங்கியபோது, அவர்தம் வழக்கறிஞர்கள் ஒரு வாதத்தை முன்வைத்தனர். பன்னாட்டுச் சட்டம் அரசுகளையே கட்டுப்படுத்தும். அரசின் செயலுக்குத் தனி மனிதரைத் தண்டிக்க இயலாது என்றனர். தீர்ப்பாயம் இதை ஏற்கவில்லை. குற்றங்களைச் செய்பவர்கள் மனிதர்களே. உடலற்ற ‘அரசு’ என்னும் கருத்துருவம் அன்று. ஆகவே மனிதர்களைத் தண்டித்தாலன்றிச் சட்டத்திற்கு உயிர் இல்லை என்று அது விளக்கிற்று. 1946 அக்டோபர் 1 அன்று 22 பேருள் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அவர்களுள் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மூவர் விடுவிக்கப்பட்டனர்.

இம்மூவரின் விடுதலை பலருக்குச் சினமூட்டியது. ஆனால் நம் பார்வையில் அது ஓர் அரிய சான்று. இனத்தையே தண்டிக்க வந்த மன்றம் எவரையும் விடுவித்திராது. தனித்தனியே எடைபோட்டதனால்தான் விடுவிக்க முடிந்தது.

அமைப்புகளின் வழக்கு இன்னும் நுட்பமானது. ஆறு அமைப்புகளைக் குற்ற அமைப்புகளாக அறிவிக்குமாறு அரசுத் தரப்பு வேண்டியது. கட்சித் தலைமைக் குழு, எஸ்.எஸ். படை, கெஸ்டாபோ இரகசியக் காவல்துறையும் அதனோடு இணைந்த உளவுப்பிரிவும் என மூன்றை மட்டுமே தீர்ப்பாயம் அவ்வாறு அறிவித்தது. அங்கும் ஒரு வேலி இட்டது. குற்றம் என்பது தனி மனிதருக்கு உரியது. திரள் தண்டனை தவிர்க்கப்பட வேண்டியது. எனவே அமைப்பின் குற்றநோக்கத்தை அறியாதவரையும், விருப்பமின்றிக் கட்டாயத்தால் சேர்க்கப்பட்டவரையும் அவர்கள் குற்றங்களில் நேரடியாகப் பங்கேற்றிராவிட்டால் தண்டிக்கலாகாது என்றது.

குற்றம் வேறு, கடன் வேறு

அவ்வாறாயின், தலைவர்கள் தூக்கிலேறியதோடு மற்றவர்களின் கணக்குத் தீர்ந்துவிட்டதா? இங்கேதான் இரண்டாவது படி தொடங்குகின்றது.

1945–46 குளிர்காலத்தில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியலறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் இப்பொருள் பற்றி விரிவுரையாற்றினார். யூத மனைவியைக் கைவிட மறுத்ததால் 1937-இல் பதவியிழந்தவர் அவர். குற்றப்பொறுப்பை அவர் நான்காகப் பகுத்தார். சட்டத்தை மீறியவனின் குற்றம் நீதிமன்றத்திற்கு உரியது. அரசின் செயலுக்குக் குடிமக்கள் ஏற்கும் அரசியல் பொறுப்பு அனைவருக்கும் உரியது. தன் செயலுக்கும் செயலின்மைக்கும் உரிய அறப்பொறுப்பு அவரவர் மனச்சான்றுக்கு உரியது. அடுத்தவன் கொல்லப்பட நான் உயிரோடு இருக்கின்றேனே என்னும் ஆழ்ந்த உறுத்தல் கடவுளுக்கு மட்டுமே உரியது. ஓர் இனத்தார் அனைவரும் கொலைஞர் என்பது பொய். ஆனால் எங்களுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதும் பொய் என்பதே அவர் காட்டிய நெறி.

திருச்சபைகளும் அந்நாளில் இவ்வினாவை எதிர்கொண்டன. 1945 ஆகஸ்டில் ஃபுல்டாவில் கூடிய கத்தோலிக்க ஆயர்கள், தம் மக்களுள்ளும் பலர் ஏமாந்தனர், கொடுமையைக் கண்டும் அசையாதிருந்தனர், சிலர் துணையும் போயினர் என்று ஒப்புக்கொண்டனர். ஆனால் குற்றத்தை ஒவ்வொருவர் நிலையிலும் தனித்து ஆராய வேண்டும் என்றும் எழுதினர். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் கூடிய சீர்திருத்தச் சபைத் தலைவர்கள், தாம் இன்னும் துணிவோடு சான்று பகரத் தவறியதாக அறிக்கையிட்டனர். அதில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான மார்ட்டின் நீமோலர், நாசிகளின் சிறையிலும் முகாம்களிலும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கிடந்தவர். குற்றம் செய்யாதவர் ‘நாங்கள்’ என்று எழுதியதை நாட்டு மக்களுள் பலர் வெறுத்தனர்; மற்றொரு வெர்சாயா என்று கேட்டனர்.

ஆயினும் வெர்சாயில் வெளியிலிருந்து திணிக்கப்பட்டது ஒன்று. தாமாக முன்வந்து ஏற்றது மற்றொன்று. முதல்வர் கொன்ராட் அடினாவர் இவ்வேறுபாட்டை உணர்ந்தவர். கத்தோலிக்கரான அவரை 1933-இல் கொலோன் மேயர் பதவியிலிருந்து நாசிகள் நீக்கினர். 1944-இல் சிறையிலும் இட்டனர். ‘நானும் பாதிக்கப்பட்டவனே’ என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். மாறாக, 1951 செப்டம்பர் 27 அன்று நாடாளுமன்றத்தில், மக்களுள் பெரும்பாலோர் இக்குற்றங்களில் பங்கேற்கவில்லை எனினும், அவை ஜெர்மானிய மக்களின் பெயரால் செய்யப்பட்டவை. எனவே அறநெறியிலும் பொருளிலும் ஈடுசெய்யும் கடமை உண்டு என்று அறிவித்தார். 1952 செப்டம்பர் 10 அன்று கையெழுத்தான லக்சம்பர்க் உடன்பாட்டின்படி இஸ்ரயேல் நாட்டுக்கு 300 கோடி மார்க்கும், யூத அமைப்புகளின் கூட்டமைப்புக்கு 45 கோடி மார்க்கும் தர மேற்கு ஜெர்மனி உடன்பட்டது. தம் கூட்டணியினர் பலரே ஆதரிக்காதபோது, எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியினரின் வாக்குகளால் அது நிறைவேறிற்று. இஸ்ரயேலிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. கொலையுண்டோரின் இரத்தத்திற்கு விலை பேசுவதா என்று மக்கள் தெருவில் இறங்கினர். அவர்தம் வேதனை நியாயமானது. எந்தத் தொகையும் ஈடாகாது. ஆயினும் ஈடாகாது என்பதனால் கடன் இல்லை என்று ஆகிவிடாது.

நம் ஊர் வழக்கில் இதை எளிதாக விளக்கலாம். தந்தை விட்டுச்சென்ற நிலத்தை மகன் ஏற்கும்போது, அதன்மேல் உள்ள கடனையும் சேர்த்தே ஏற்கின்றான். கடன் வாங்கியவன் அவன் அல்லன். ஆனால் விளைச்சல் எனக்கு, கடன் செத்துப்போனவருக்கு என்று சொல்ல அவனுக்கு முகம் ஏது? பன்னாட்டுச் சட்டத்தில் அரசின் பொறுப்பும் இத்தகையதே. ஆட்சி மாறும், அரசு தொடரும், கடனும் தொடரும். குற்றத்தண்டனை மட்டும் தொடராது. அரசையே ‘குற்றவாளி’ என்று வகைப்படுத்தும் கருத்தை ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் 1976-இல் வரைவில் சேர்த்திருந்தது. 2001-இல் நிறைவுசெய்த விதிகளில் அச்சொல்லைக் கைவிட்டது. 1998-இன் உரோமைச் சட்டத்தால் அமைந்த பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றமும் தனி மனிதரை மட்டுமே விசாரிக்கும்.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் வரலாற்றைப் பேசிவிட்டு நம் வீட்டுக் கணக்கைப் பேசாதிருப்பது முறையன்று. கூட்டுப் பழியின் மிக நீண்ட வரலாறு கிறிஸ்தவ உலகினுடையது. கிறிஸ்துவின் சாவுக்கு யூத இனம் முழுவதும், அதன் வழித்தோன்றல்கள் அனைவரும் பொறுப்பு என்னும் பேச்சு நூற்றாண்டுகளாகப் பிரசங்கங்களில் ஒலித்தது. புனித வாரம் பல ஊர்களில் யூதருக்கு அச்சத்தின் வாரமாயிற்று. தந்தை தின்ற புளித்த திராட்சை பிள்ளையின் பல்லைக் கூசவைக்கும் என்னும் பழமொழியை எசேக்கியேல் இறைவாக்கினர் மறுத்துரைத்ததை வாசித்துக்கொண்டே நாம் இதைச் செய்தோம். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கையில், இயேசுவின் பாடுகளுக்கு அன்று வாழ்ந்த யூதர் அனைவரையும் வேறுபாடின்றிப் பொறுப்பாக்கலாகாது, இன்றைய யூதரையும் பொறுப்பாக்கலாகாது என்று அறிவித்தது.

அதே திருச்சபை 2000 மார்ச் 12 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் தலைமையில், தன் பிள்ளைகளின் கடந்தகாலப் பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டியது. மறைந்தவர் பாவத்திற்கு வாழ்பவர் எவ்வாறு மன்னிப்புக் கேட்க இயலும் என்னும் ஐயத்திற்கு இறையியல் ஆணைக்குழு விடையளித்தது. பாவத்தின் தனிப்பொறுப்பு பாவியின் சாவோடு முடிகின்றது; அது மரபுவழி இறங்குவதில்லை. ஆனால் அப்பாவம் விட்டுச்சென்ற காயமும் நினைவும் தொடர்கின்றன. அவற்றை ஆற்றும் பொறுப்பு வாழ்பவருடையது. சட்டம் நீண்ட வழி நடந்து கண்ட வேறுபாட்டையே இறையியலும் தன் வழியில் கண்டது எனலாம்.

ஸ்ரெப்ரெனிட்சா தரும் பாடம்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்கவில்லை. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில், போஸ்னிய செர்பியப் படையினர் 7,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றனர். 2007 பிப்ரவரி 26 அன்று ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம், அது இனப்படுகொலையே என்று தீர்த்தது. செர்பிய அரசு அதைச் செய்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் தடுக்கும் செல்வாக்கு இருந்தும் தடுக்கத் தவறியது. தேடப்பட்ட தளபதி இரட்கோ மிலாடிச்சை ஒப்படைக்கவும் தவறியது என்றது. மிலாடிச் 2011-இல் பிடிபட்டார். 2017-இல் ஆயுள் தண்டனை பெற்றார். 2021-இல் அது உறுதியாயிற்று. கொன்றவருக்குச் சிறை, தடுக்காத அரசுக்குச் சட்டத்தின் கண்டனம்.

2024 மே 23 அன்று ஐ.நா. பொதுப்பேரவை ஜூலை 11-ஐ அப்படுகொலையின் நினைவுநாளாக அறிவித்தது. இனப்படுகொலையின் குற்றம் தனி மனிதருக்கு உரியது. எந்த இனத்தின் மீதும், சமயத்தின் மீதும் அதை ஏற்றலாகாது என்னும் வரியும் மாண்டிநீக்ரோவின் திருத்தத்தால் அத்தீர்மானத்தில் சேர்ந்தது. நினைவும் வேண்டும், இனப்பழியும் கூடாது என்று ஒரே ஏட்டில் எழுத முடிந்திருக்கின்றது.

ஆக, நாம் தவிர்க்க வேண்டிய பள்ளங்கள் இரண்டு. குற்றத்தை ஓர் இனத்தார் எல்லார் தலையிலும் சமமாகப் பரப்பினால், உண்மையான கொலைஞனின் பங்கு சுருங்கிவிடும். குற்றமற்ற குழந்தை லிடிசேயின் குழந்தையாகிவிடும். சில தலைவர்களைத் தண்டித்ததோடு கணக்கை மூடினாலோ, கண்டும் காணாதிருந்தவர்கள் கைகழுவிய பிலாத்துவின் வரிசையில் போய் அமர்வர்.

சட்டத்தின் கை நீளமானது; ஆனால் ஓரளவே எட்டும். குற்றவாளியைச் சிறையில் இடலாம். அரசின் கருவூலத்திலிருந்து ஈடு பெறலாம். ‘எங்கள் பெயரால் நடந்தது’ என்று ஒரு மக்களினத்தைச் சொல்லவைக்க அதனால் இயலாது. குற்றமற்ற நீமோலரும் அடினாவரும் அச்சொல்லைத் தாமாகச் சொன்னார்கள். நம் குடும்பத்தின் பெயரால், சாதியின் பெயரால், சபையின் பெயரால் பிறருக்கு இழைக்கப்பட்டவற்றை எண்ணும்போது, ‘நான் செய்யவில்லை’ என்பது உண்மையாகவே இருக்கலாம். அவ்வுண்மைக்குப் பின்னும் எஞ்சி நிற்கும் கடன் என்ன என்பதே நம் ஒவ்வொருவர் முன்னும் உள்ள வினா.