பஞ்சம் கேட்ட கேள்வி: இமயப் பனியை முன்கூட்டிக் கணித்த வரலாறு

குல்மார்க்கில் அடுத்த ஐந்து நாட்களில் எவ்வளவு பனி பொழியும், அபர்வத் மலைச்சரிவுகள் பனிச்சறுக்குக்கு ஏற்ற நிலையில் உள்ளனவா என்பதை இன்று பெங்களூருவில் இருந்தபடியே கைபேசியில் பார்த்துவிடலாம். இத்தகைய அறிவிப்புகளை விளையாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் உரியவையாகவே நாம் கருதுகிறோம். ஆனால் இமயப் பனியைக் கவனித்து, வரவிருக்கும் பருவத்தைக் கணிக்கும் முயற்சி இந்தியாவில் தொடங்கியதற்குக் காரணம் பஞ்சம். அந்தப் பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய நிலப்பகுதிகளுள், நான் இதை எழுதும் பொம்மசந்திராவைச் சூழ்ந்த வட்டாரமும் ஒன்று. பனிக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று எண்ணும் தென்னிந்திய ஆய்வு மாணவர்களுக்காகவே இந்த நீண்ட பதிவு.

பொம்மசந்திரா இருக்கும் ஆனேக்கல் தாலுகா அன்று மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. சில கல் தொலைவில் உள்ள ஓசூர், சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1876இல் பருவமழை பொய்த்தபோது இந்த எல்லைக்கு எந்தப் பொருளும் இருக்கவில்லை. தமிழர் நினைவில் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று நிலைத்துவிட்ட அந்தப் பேரழிவு 1878 வரை நீடித்தது. மைசூரின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50.5 லட்சம், 1881 கணக்கெடுப்பில் அது சுமார் 42 லட்சமாகக் குறைந்திருந்தது. நிவாரணப் பணிகளில் உழைத்தவர்களுக்கான தானிய அளவை ரிச்சர்ட் டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டாக, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவாக, வெட்டியதும் இந்தக் காலத்தில்தான்.

இந்தப் பின்னணியில்தான் அடுத்த வறட்சியை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வியை அரசு எழுப்பியது. அதற்கு விடை தேட வேண்டியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. 1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் அவர். அதற்கு முன் நிலவியலாளராகத் தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரெட்டேசியப் பாறைகளை ஆராய்ந்தவர். மேற்கு இமயத்தில் குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் வசந்தத்திலும் மிகுதியாகப் பனி பொழிந்தால், அது நிலத்தையும் காற்றையும் குளிர்வித்து வறண்ட வடமேற்குக் காற்றை வலுப்படுத்தும். அதனால் பருவமழை நலியும் என்பது அவருடைய கருதுகோள். 1877இன் மிகையான பனிப்பொழிவும் அதைத் தொடர்ந்த வறட்சியும் அவருக்கு முக்கியச் சான்றாயின. 1882 முதல் 1885 வரை சோதனை முறையில் கணிப்புகளை வெளியிட்டார். இடையே 1884இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தம் ஆய்வை முன்வைத்தார். 1886 ஜூன் 4 அன்று முறையான முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளியாயிற்று.

இங்கே ஒரு முரண் உண்டு. பிளான்ஃபோர்டின் கருதுகோள் முதன்மையாக வடமேற்கு, மேற்கு இந்தியாவின் மழையைப் பற்றியது. தெற்கே பஞ்சம் 1876இலேயே தொடங்கிவிட்டது. 1877இன் பனியால் அதை விளக்க முடியாது. தக்காணத்தின் சாவுகளும் சேர்ந்து எழுப்பிய கேள்விக்குக் கிடைத்த விடை, தக்காணத்துக்குப் பெரிதும் பயன்படாததாக அமைந்தது. பிளான்ஃபோர்டுக்குப் பின் வந்த ஜான் எலியட் மேலும் பல காரணிகளைச் சேர்த்துக் கணிப்பை விரித்தார்; ஆயினும் 1899இன் கொடிய வறட்சியை அவரால் முன்னுரைக்க இயலவில்லை. 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் பனியைப் பல காரணிகளுள் ஒன்றாக வைத்து, உலகின் பல பகுதிகளின் காற்றழுத்தத்தை ஒப்பிட்டார். தென் அலைவு என்று இன்று நாம் அறியும் நிகழ்வு அந்தத் தேடலில் வெளிப்பட்டது. 1976இல் ஹானும் சுக்லாவும் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு யூரேசியப் பனிப்பரப்புக்கும் இந்தியப் பருவமழைக்கும் எதிர்மறைத் தொடர்பு இருப்பதாகக் காட்டியபோது, பிளான்ஃபோர்டின் கருத்து வேறு வடிவில் திரும்பி வந்தது.

இதற்கிடையில் அதே பனியிடம் வேறு கேள்விகளோடு வேறு மனிதர்கள் வந்து சேர்ந்தனர். 1927இல் குல்மார்க்கில் பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினர். 1948 டிசம்பரில், காஷ்மீர்ப் போரின் இறுதிக் கட்டத்தில், 19ஆம் காலாட்படைப் பிரிவின் பனிச்சறுக்குப் பள்ளி அதே ஊரில் உருவாயிற்று. அதற்குக் காரணமாக இருந்த படைத்தலைவர் திம்மய்யா குடகில் பிறந்தவர். அந்தப் பள்ளியே பின்னர் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் அமைந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்கிய அது, 2020இல் சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனத்தில் இணைந்தது. அங்கே கேள்வி பருவமழையைப் பற்றியதன்று. எந்தச் சரிவு எப்போது பெயர்ந்து விழும் என்பதே.

அந்தக் கேள்வியும் தெற்கைத் தொடாமல் இல்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல்முனை பனியில் புதைந்தது. இறந்த பத்து வீரர்களுள் பெரும்பாலோர் 19ஆம் மதராஸ் படையணியைச் சேர்ந்தவர்கள். நால்வர் தமிழ்நாட்டினர், அவர்களுள் ஒருவர் ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் உயிர்நீத்த ஹனுமந்தப்பா கொப்பத் தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

கேட்பவர் மாறும்போது அளவையும் மாறுகிறது. புதிதாகப் பொழிந்த பத்து சென்டிமீட்டர் பனியை உருக்கினால் தோராயமாக ஒரு சென்டிமீட்டர் நீர் கிடைக்கும்; படிந்து இறுகிய பழைய பனியில் மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் கிடைக்கும். நீர்ப்பாசன அலுவலருக்கு வேண்டியது இந்த நீரளவு. சறுக்கு வீரருக்கு வேண்டியது மேற்பரப்பின் தன்மை: மாவுபோல் இலகுவாக உள்ளதா, வெயிலில் உருகி இரவில் கண்ணாடியாக உறைந்ததா என்பது. பனிச்சரிவை எச்சரிப்பவர் குழி தோண்டி உள்ளடுக்குகளைப் பார்க்கிறார். மெல்லிய பனிப்போர்வை தெளிந்த குளிர் இரவுகளில் நீண்டநாள் கிடந்தால், அதன் அடிப்பகுதி ஒட்டுறவற்ற சர்க்கரை மணிகள்போல் ஆகிவிடும். அதன்மேல் திடீரெனப் பெரும்பனி விழுந்தால் முழுப் பாரமும் நழுவக்கூடும். முப்பது சென்டிமீட்டர் புதுப்பனி சறுக்குவோருக்கு நற்செய்தி. எச்சரிப்பவருக்கு அதே எண் அபாய மணி.

2023-24 குளிர்காலம் இதை ஒரே பருவத்தில் காட்டியது. காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் 40 நாட்களைச் ‘சில்லை கலான்’ என்பர். அப்போது விழும் பனியே நிலைத்துக் கிடந்து கோடை ஓடைகளுக்கு நீரூட்டும். பிந்தி வரும் பனி விரைவில் உருகிவிடும். கருவிகளுக்கு முந்தைய முன்னறிவு இது. அந்த ஆண்டு சில்லை கலானின் பெரும்பகுதியில் குல்மார்க் பனியின்றிக் கிடந்தது. மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து ஈரம் சுமந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் வலுவாக வரவில்லை. ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் பனி வந்தது. பிப்ரவரி 22 அன்று பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டும், 2025 பிப்ரவரி 22இல் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிப்பற்றாக்குறையால் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடைபெற்றன.

அந்நாட்களில் வெளிவந்த படங்களில் வெறுமையான சரிவுகளும் பயணிகளின் ஏமாற்றமும் முன்னின்றன. ஆப்பிள் தோட்டங்களும் நெல்வயல்களும் அதே பனியின் நீரை எதிர்நோக்கியிருந்தன என்பது இரண்டாம் செய்தியாயிற்று. 1998இலும் 2005இலும் இரு கட்டங்களாக அமைந்த கம்பிவட ஊர்தி சறுக்குவோரை 3,900 மீட்டருக்கும் மேல் கொண்டு சேர்க்கிறது. அந்த உயரத்தின் பனிநிலை நாள்தோறும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. பள்ளத்தாக்கின் உழவருக்குரிய நீரளவுக்கு அத்தகைய வாசகர்கள் இல்லை.

ஆய்வு மாணவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். பஞ்ச நிவாரணக் கோப்புகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பெங்களூரு மாநில ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. வானிலைத் துறையின் பழைய அறிக்கைகள் வேறு அடுக்கில். சுற்றுலா அறிவிப்புகள் இணையத்தில். இவற்றை ஒருசேர வைத்துப் படிக்கும்போது, ஒவ்வொரு தரவுக்கும் முன்னால் அதைக் கேட்டவர் யார், கேட்க இயலாமல் போனவர் யார் என்ற வினா எழும். 1877இல் ஒரு முன்னறிவிப்பு இருந்திருந்தாலும், ஒரு பவுண்டு தானியத்தை விதித்த நிர்வாகம் அதைக் கொண்டு எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். கணிப்பின் துல்லியம் அறிவியலாளரின் பொறுப்பு. அது எவர் வாழ்வுக்குப் பயன்பட்டது என்று விசாரிப்பது வரலாற்று மாணவரின் பொறுப்பு.