பதின்வயதினரிடையே கிறிஸ்தவ ஊழியம்

பதின்வயதினரிடையே கிறிஸ்தவ ஊழியம் என்பது ஏறத்தாழ 13 முதல் 19 வயது வரையுள்ளவர்களை விசுவாசத்திலும் சபை வாழ்விலும் நிலைநிறுத்தத் திருச்சபைகளும் அவற்றைச் சார்ந்த இயக்கங்களும் செய்துவரும் பணி. சீர்திருத்தச் சபையார் இதை வாலிபர் ஊழியம் என்பர். கத்தோலிக்கர் இளையோர் பணி என்பர். ஞாயிறு பள்ளியில் தவறாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை, விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தல் சடங்கு முடிந்து முதல் நற்கருணை எடுத்த பிறகு ஆலயத்தில் தென்படுவதில்லை என்ற கவலையே இதற்குப் பிறப்பிடம். அந்தக் கவலைக்கு வெவ்வேறு காலங்களில் சொல்லப்பட்ட விடைகளை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். பிள்ளைகளுக்கென்று தனிக் கூட்டம், தனி அறை, தனிப் பாட்டு அமைத்துக் கொடுப்பது ஒன்று. பெரியவர்களின் சபைக்குள்ளேயே அவர்களுக்கு இடமும் வேலையும் கொடுப்பது மற்றொன்று. முதலாவது எளிது, கூட்டமும் சேரும். இரண்டாவதற்குப் பெரியவர்கள் சற்று நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும் என்பதால் அது அரிதாகவே நடக்கிறது.

தொடக்கம்

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரம் முழுவதும் வேலை செய்த ஏழைச் சிறுவர்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்தது. 1844இல் லண்டனில் துணிக்கடைப் பணியாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் நண்பர்களுடன் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ., ஊரைவிட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்த இளைஞர்களை மனத்தில் வைத்து எழுந்தது. இரண்டும் பதின்வயதினருக்கென்றே உருவானவை அல்ல.

அந்த வயதினரைக் கருதி எழுந்த முதல் பெரிய அமைப்பு என்று 'கிறிஸ்டியன் எண்டவர்' சங்கத்தைச் சொல்லலாம். 1881 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் போர்ட்லண்டில் போதகர் பிரான்சிஸ் கிளார்க் தம் சபைப் பிள்ளைகளைக் கூட்டி இதைத் தொடங்கினார். சேரும் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். நாள்தோறும் ஜெபிப்பேன், வேதம் வாசிப்பேன் என்பதோடு, ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பங்கு எடுப்பேன் என்பதும் அதில் உண்டு. பங்கு என்பது ஒரு வசனத்தை வாசிப்பதாகக்கூட இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்க மட்டும் அனுமதி இல்லை. கூட்டத்தை நடத்துவது, புதியவர்களைத் தேடி அழைப்பது, வந்தவர்களை உபசரிப்பது என எல்லாமே பிள்ளைகளின் குழுக்கள் கையில் இருந்தன. இம்முறை சில ஆண்டுகளிலேயே பல நாடுகளுக்கும் சபைப் பிரிவுகளுக்கும் பரவியது. லண்டன் மிஷன் வழிவந்த குமரி மாவட்டச் சபைகளில் இச்சங்கம் இன்றும் உண்டு. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் பெருமுயற்சி செய்து கண்டடைந்த சில முடிவுகள் இந்தப் பழைய உறுதிமொழிக்குள் முன்பே இருந்தன என்பதையும் குறிப்பிட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒய்.எம்.சி.ஏ. 1890இல் டேவிட் மெக்கோனாகி வழியாகச் சென்னையில் காலூன்றியது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் இவ்வமைப்பின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். விளையாட்டை ஊழியத்தின் பகுதியாகக் கண்ட அதே மரபில்தான் 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னை அமைப்பு தந்த மற்றொரு பேறு வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1895 முதல் அதன் செயலராகக் கல்லூரி மாணவர்களிடையே உழைத்த அவர் 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் மிஷனரிகளை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. வாலிபரை மகிழ்விக்க முயலாமல் அவர்களிடம் பெரிய பொறுப்பை ஒப்படைத்தால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்ச் சபை வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

அரங்கும் தனி அறையும்

இன்று உலகெங்கும் வாலிபர் ஊழியம் எனக் காணப்படும் வடிவம் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் வார்க்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பு பரவலாகி, பதின்வயதினர் தமக்கென்று இசையும் உடையும் பேச்சும் கொண்ட தனி உலகமாகத் திரண்ட காலம் அது. டெக்சாஸின் கெயின்ஸ்வில் ஊரில் இறையியல் மாணவர் ஜிம் ரேபர்ன், ஆலயத்துக்கு வராத பள்ளிப் பிள்ளைகளைத் தேடி அவர்கள் கூடும் இடங்களுக்கே சென்றார். வாரம் ஒரு மாலை யாராவது ஒரு மாணவர் வீட்டில் கூடிப் பாட்டும் சிரிப்பும் சிறு செய்தியுமாக நடத்திய அந்தக் கூட்டங்களே 1941இல் 'யங் லைஃப்' இயக்கமாயின. 1944இல் சிகாகோவில் டாரி ஜான்சன் சனிக்கிழமை இரவுகளில் பேரணிகளைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'யூத் ஃபார் கிறைஸ்ட்' அமைப்பு உருவானபோது அதன் முதல் முழுநேர ஊழியர் ஆனவர் பில்லி கிரகாம்.

சபைகள் இவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. 1970களுக்குப் பின் வாலிபருக்கென்று சம்பளம் பெறும் போதகர், விளையாட்டு மேசைகள் நிறைந்த அறை, தனி இசைக்குழு என்று ஒரு துறையே வளர்ந்தது. பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் அதே வளாகத்தில் கூடிய பெரியவர்களின் சபை அவர்களுக்கு அந்நியமாகவே இருந்தது. பள்ளி முடிந்த நாளில் அந்த அறையும் முடிந்தது. அடுத்துப் போக அவர்களுக்கு இடமில்லை.

ஆய்வுகள் காட்டியவை

சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித் தலைமையிலான குழு 2002–03இல் 13 முதல் 17 வயது வரையிலான 3,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளைத் தொலைபேசியில் வினவி, அவர்களில் சிலரை நேரிலும் சந்தித்தது. முடிவுகள் 2005இல் நூலாக வந்தன. பதின்வயதினர் மதத்தை வெறுத்துக் கலகம் செய்கிறார்கள் என்ற பொது நம்பிக்கை தவறு என்று அது காட்டியது. பெரும்பாலோர் பெற்றோரின் மதத்தையே அமைதியாகத் தொடர்ந்தனர். ஆனால் தாம் எதை விசுவாசிக்கிறோம் என்று சொல்லத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. நல்லவனாக இரு, மகிழ்ச்சியாக இரு, சிக்கல் வந்தால் கடவுளைக் கூப்பிடு என்ற அளவில் அவர்களின் இறையியல் நின்றது. இது பிள்ளைகளின் கண்டுபிடிப்பல்ல, பெரியவர்களிடமிருந்து பெற்ற சொத்து என்று 2010இல் கெண்டா கிரீசி டீன் எழுதினார். பிள்ளைகளின் விசுவாசத்தை மிக அதிகமாகத் தீர்மானிப்பவர்கள் போதகரோ வாலிபர் தலைவரோ அல்ல, பெற்றோரே என்பதும் இவ்வாய்வுகளில் திரும்பத் திரும்ப வெளிப்பட்டது.

கலிபோர்னியாவின் ஃபுல்லர் இறையியல் கல்லூரியைச் சேர்ந்த காரா பவலும் சாப் கிளார்க்கும் பள்ளி முடித்துக் கல்லூரிக்குச் சென்ற சபைப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தனர். எல்லா வயதினரும் கூடும் ஆராதனையில் பங்கெடுத்தவர்களின் விசுவாசம் பின்னாளில் உறுதியாக இருந்தது. ஐயங்களை வெளியே சொல்ல இடம் கிடைத்தவர்களும் அப்படியே. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு தலைவர் என்ற வழக்கத்தைத் தலைகீழாக்கி, ஒரு பிள்ளைக்கு அக்கறையுள்ள ஐந்து பெரியவர்கள் வேண்டும் என்று இவர்கள் வற்புறுத்தினர். ஐவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தேர்வு எப்படிப் போயிற்று என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

பெர்லினில் ஒரு திடப்படுத்தல் வகுப்பு

பெரியவர் ஒருவரின் இத்தகைய அக்கறைக்கு இந்த ஆய்வுகளுக்கு வெகு முன்பே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1931 இறுதியில் பெர்லினின் சீயோன் ஆலயத்தில் சுமார் 50 சிறுவர்கள் கொண்ட திடப்படுத்தல் வகுப்பு ஒன்று 25 வயது இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபரிடம் ஒப்படைக்கப்பட்டது. வறுமையும் வேலையின்மையும் மிகுந்த தொழிலாளர் பகுதி அது. முன்பிருந்த முதிய போதகரைப் பிள்ளைகள் நிலைகுலையச் செய்திருந்தனர். முதல் நாள் போன்ஹோஃபர் படியேறி வந்தபோது மேலிருந்து அவர்மீதும் பொருட்கள் விழுந்தன. வகுப்பிலோ ஒரே கூச்சல். போன்ஹோஃபர் அதட்டவில்லை. சுவரோரம் நின்று, முன்வரிசைக்கு மட்டும் கேட்கும் தாழ்ந்த குரலில், சில மாதங்களுக்கு முன்வரை தாம் வாழ்ந்த நியூயார்க்கின் ஹார்லெமைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்கினார். பின்வரிசை தானாக அடங்கியது.

அவர் அதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். வசதியான குடும்பத்தில் பிறந்த அவர் அந்தப் பகுதியிலேயே அறை எடுத்துத் தங்கினார். மாலையில் பிள்ளைகள் அங்கு வந்து சதுரங்கம் ஆடலாம், ஆங்கிலம் படிக்கலாம். வீடுவீடாகச் சென்று பெற்றோரைச் சந்தித்தார். திடப்படுத்தல் நாளில் உடுத்த நல்ல உடை இல்லாதவர்களுக்குத் துணி வாங்கிக் கொடுத்தார். இதே காலத்தையொட்டி அவர் எழுதிய வாலிபர் பணி பற்றிய குறிப்புகளில், இளமை என்பதற்காகவே சபைக்குள் யாருக்கும் தனிச் சலுகை இல்லை என்ற கருத்து வருகிறது. இளைஞரை ஒரு கொள்கையாக்கிக் கொண்டாடிய நாசி இயக்கம் ஆட்சியை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நட்பைக் கருவியாக்கி மனம் மாற்ற முயல்வதைவிடப் பிள்ளையின் துயரத்தில் உடன் நிற்பதே ஊழியம் என்று வாதிடும் ஆண்ட்ரூ ரூட், 2014இல் போன்ஹோஃபரின் இந்தப் பணியை முன்வைத்து ஒரு நூலே எழுதினார்.

கத்தோலிக்க மரபு

தூரின் நகரத் தெருக்களில் அலைந்த சிறுவர்களை 1841 முதல் கூட்டிச் சேர்த்த தொன் போஸ்கோ இம்மரபின் முன்னோடி. அறிவு, சமயம், அன்பு ஆகியவற்றை ஊன்றுகோலாகக் கொண்டு, தண்டிப்பதைவிடத் தவறு நேராதபடி உடனிருப்பதே அவர் முறை. ஆசிரியர் விளையாட்டுத் திடலிலும் இருக்க வேண்டும். அவருடைய சலேசிய சபையார் 1906இல் தஞ்சாவூர் வந்தனர். பெல்ஜியத்தின் ஜோசப் கார்டைன் இளம் தொழிலாளர்களிடையே வளர்த்த 'பார், எடைபோடு, செயல்படு' என்னும் முறை மாணவர் இயக்கங்களுக்கும் பரவியது.

1985இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்திய உலக இளையோர் நாள் இன்று மிகப் பெரிய கூடுகை. 1995இல் மணிலாவில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாக மதிப்பிடப்படுகிறது. 2018இல் ஆயர்கள் மாமன்றம் இளையோரைப் பற்றியே கூடியது. அதன் தொடர்ச்சியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மார்ச் 25 அன்று கையெழுத்திட்ட அறிவுரை மடல், மனத்தைத் தொட்ட அனுபவம் ஒன்றுக்குப் பின் இளையோரைக் கோட்பாட்டு வகுப்புகளில் அமர்த்திச் சலிப்பூட்டும் வழக்கத்தைக் கண்டிக்கிறது. இணையத்தில் நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து, 2006இல் தம் 15ஆம் வயதில் இறந்த கார்லோ அகூதிஸ் 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

தமிழ்ச் சபைகளில்

கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பரில் கீத பவனி, இடையில் வேத வினாடி வினா, வாலிபர் முகாம், ஆண்டுக்கொரு வாலிபர் ஞாயிறு என்பது தமிழ்நாட்டுச் சபைகளின் வழக்கமான சுற்று. விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் தொண்டு செய்த இளைஞர்களிடையேதான் 1950களின் இறுதியில் நண்பர் மிஷனரி ஜெபக்குழு முளைத்தது.

இன்று இந்தச் சுற்று அறுபடும் இடம் பத்தாம் வகுப்பு. ஞாயிறு காலையிலும் டியூஷன், அதன்பின் நீட் பயிற்சி. இரண்டு ஆண்டு ஆலயம் வராவிட்டாலும் பரவாயில்லை, மதிப்பெண் வரட்டும் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் விசுவாசமுள்ள பெற்றோரே; பிள்ளைகளைக் குறைசொல்லும் பிரசங்கங்களில் இது வருவதில்லை. செல்பேசியைப் பற்றிய கண்டனம் மட்டும் தவறாமல் வருகிறது. அதே செல்பேசியில்தான் அவர்கள் பாட்டும் பிரசங்கமும் கேட்கிறார்கள். தம் சபைப் போதகரைப் புகழ்பெற்ற பிரசங்கியோடு ஒப்பிடவும் கற்றுக்கொள்கிறார்கள். மறுபுறம் கீபோர்டு, ஒலிப்பெருக்கி, நேரலை ஆகிய பொறுப்புகளைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் விட்ட சபைகளில் அவர்கள் ஆராதனைக்கு முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். அதே பிள்ளைக்கு வேத பாடம் வாசிக்கவும் சபைக் கூட்டத்தில் கருத்துச் சொல்லவும் இடம் தர இன்னும் பல கமிட்டிகளுக்கு மனம் வரவில்லை. சாதி, காதல், மனச்சோர்வு, அறிவியலும் ஆதியாகமமும் போன்றவற்றைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஜெபம் பண்ணு என்பதைத் தாண்டிப் பதில் சொல்லத் தெரிந்த தலைவர்களும் குறைவு.

பாதுகாப்பு

பெரியவர்கள் பிள்ளைகளோடு நெருங்கிப் பழக வேண்டும் என்று கோரும் ஊழியத்தில் அந்நெருக்கத்துக்கு வரம்பும் வேண்டும். பல நாடுகளில் திருச்சபைக்குள் சிறார்மீது நடந்த பாலியல் கொடுமைகளும், அவை மறைக்கப்பட்ட விதமும் வெளியானபின் இந்த வரம்பு அவரவர் விருப்பத்துக்கு விட்ட காரியமாக இல்லை. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எவர்மீதும் நிகழும் பாலியல் குற்றத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பதை அறிந்தவர் அனைவரின் கடமையாக்குகிறது. போதகரோ குருவோ விலக்கல்ல. மறைத்தால் அதுவே குற்றம். முகாமில் எப்போதும் இரு பெரியவர்கள் உடனிருத்தல், மூடிய அறையில் தனி ஆலோசனையைத் தவிர்த்தல், பிள்ளைகளுக்கு அனுப்பும் செய்திகளைப் பெற்றோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழு வழியாகவே அனுப்புதல் ஆகியவை எழுத்தில் வைக்கப்பட்டு, முகாமுக்குப் பெயர் பதியும்போதே பெற்றோருக்குக் கொடுக்கப்பட வேண்டியவை.