போதை அடிமைத்தனமும் மனநோயும்: கூட்டுச் சிகிச்சையின் வரலாறு

போதை அடிமைத்தனமும் மனநோயும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போது, இரண்டையும் ஒரே மருத்துவக் குழு ஒரே நேரத்தில் கவனிக்கும் முறை கூட்டுச் சிகிச்சை எனப்படும். 1980களில் அமெரிக்காவில் இது உருப்பெற்றது.

அதுவரை அங்கே இரண்டும் வெவ்வேறு உலகங்கள். குடிநோயாளிகளுக்குக் கைகொடுத்தது 1935இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை விட்டவர்களே மற்றவர்களைக் கைதூக்கிவிட்ட இயக்கம் அது. மனநோய் மனநல மருத்துவர்களின் பொறுப்பாக இருந்தது. அரசும் மனநலத்துக்கு 1949இலும், மதுவுக்கு 1970இலும், போதைப்பொருளுக்கு 1974இலும் தனித்தனித் தேசிய நிறுவனங்களை அமைத்தது. நிதியும் பயிற்சியும் அவ்வாறே பிரிந்தன. நிர்வாகத்துக்கு வசதியான இந்தப் பாகப்பிரிவினையில் நோயாளிதான் அலைக்கழிந்தார். குடியை நிறுத்திவிட்டு வரச் சொன்னது மனநலப் பிரிவு. மனநோய் மாத்திரை சாப்பிடுபவரைச் சேர்க்கத் தயங்கின பல மறுவாழ்வு மையங்கள்.

சமூக மனநல மையங்களுக்கு வழிசெய்த 1963ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பெரிய மனநல மருத்துவமனைகள் வேகமாகக் காலியாயின. வெளியில் வாழத் தொடங்கிய நோயாளிகளுக்கு மதுவும் போதைப்பொருளும் எளிதாகக் கிடைத்தன. மனவேதனையைத் தணிக்கவே சிலர் போதையை நாடுகிறார்கள் என்று 1985இல் மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் வாதிட்டார். இருபதாயிரம் பேருக்கு மேல் விசாரித்த ஓர் ஆய்வு 1990இல் வெளியானது. மனச்சிதைவு உடையவர்களில் 47 சதவீதத்தினர் வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் போதைப் பிரச்சினைக்கும் ஆளானவர்கள் என்று அது காட்டியது. அதற்குப் பிறகு இதை அரிதான சிக்கல் என்று ஒதுக்க முடியவில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மனநல மருத்துவர் ராபர்ட் டிரேக்கும் அவருடைய சகாக்களும் கூட்டுச் சிகிச்சையைச் செயல்முறையாக்கினர். 1989இல் ஆய்வாளர்கள் ஆஷரும் கோஃபெட்டும் வகுத்த நான்கு படிகள் இதற்கு அடித்தளம்: முதலில் நோயாளியோடு உறவு, பிறகு மாற்றத்துக்கு மனம் இசையவைத்தல், அடுத்துச் சிகிச்சை, கடைசியாக மீண்டும் சரியாமல் காத்தல். குடியை நிறுத்தினால்தான் உதவி என்ற நிபந்தனை இல்லை. குழுவினர் வீடு தேடியும் போவார்கள். தங்க இடமும் வேலையும் தேடித் தருவதுகூடச் சிகிச்சையில் சேரும்.

மருந்து விஷயத்திலும் இரு நோய்களும் பின்னிக் கிடக்கின்றன. குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் சிலருக்கு மனநோய் அறிகுறிகளைக் கிளறிவிடும். மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் சாப்பிடுபவர் திடீரென்று சிகரெட்டை விட்டால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறிவிடும். ஒரு மருத்துவர் தருவது மற்றவருக்குத் தெரியாவிட்டால் ஆபத்து.

இம்முறை பரவிய வேகத்துக்குச் சான்றுகள் ஈடுகொடுக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுகள், வழக்கமான சிகிச்சையைவிட எந்தவொரு உளசமூக முறையும் தெளிவாக மேல் என்று நிறுவ வலுவான ஆதாரம் இல்லை என்றே கண்டன. ஆனாலும் நோயாளியை இரு வாசல்களுக்கு நடையாய் நடக்கவிடும் பழைய முறைக்குத் திரும்ப இது காரணமாகாது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. நிர்வாகம் மட்டும் இன்னும் இரண்டாகவே இருக்கிறது: அரசு நிதி பெறும் மறுவாழ்வு மையங்கள் சமூக நீதி அமைச்சகத்தின்கீழ் வருகின்றன, மருத்துவமனைகளில் நடக்கும் போதை மீட்புத் திட்டம் சுகாதார அமைச்சகத்திடம் உள்ளது.